"படிப்பு ஏறாது" என்று யாரைச் சொல்கிறோம்?

(தோணிரேவில் நடந்த கல்வி உரிமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழவேற்காடு ஏரிக்கரையில் டிஸ்லெக்சியா பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில தோழர்கள் கேட்டார்கள். முகத்துவாரம் தூர்ந்து போகிறது, காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் தலைக்கு மேல் நிற்கிறது, இந்த நேரத்தில் வாயில் நுழையாத ஒரு குறைபாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று. நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்த உரை.

நம் ஊர்களில் ஒரு பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்றால் என்ன சொல்கிறோம்? "மண்டையில ஏறல." "படிப்பு வராது இவனுக்கு." "பேசாம வலைக்கு அனுப்பு." பொம்பளைப் பிள்ளையாக இருந்தால், "வீட்டு வேலையைக் கத்துக்கட்டும்." வாத்தியார் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், கடைசியில் பெற்ற தாயும் சொல்கிறார். நாலு வருடம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை அஞ்சாவது வருடம் தானே சொல்லத் தொடங்குகிறது: "எனக்குப் படிப்பு ஏறாது."

இதே தடுமாற்றம் உள்ள பிள்ளை சென்னையில் வசதியான வீட்டில் பிறந்திருந்தால்? பள்ளியின் ஆலோசகர் பெற்றோரை அழைத்துப் பேசுவார். உளவியலாளரிடம் போவார்கள். பரிசோதனை நடக்கும். டிஸ்லெக்சியா என்று ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயர் பதிந்த சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், சொல்வதை எழுத ஒருவர் கிடைப்பார், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு கிடைக்கும். அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்.

தடுமாற்றம் ஒன்றுதான். அதற்கு வைக்கும் பெயர் இரண்டு. எந்தப் பெயர் யாருக்கு என்பதைப் பிறப்பும் வசதியும் தீர்மானிக்கின்றன. ஆகவே இது சாதி ஒழிப்பு பேசுகிறவர்கள் கையில் எடுக்க வேண்டிய பிரச்சினை.

முதலில் டிஸ்லெக்சியா என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இது கண்ணில் உள்ள கோளாறு கிடையாது. சோம்பேறித்தனம் கிடையாது. அறிவு குறைவு கிடையாது. பேச்சில் கேட்கும் சொல்லைச் சிறு சிறு ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஒலியையும் எழுத்தோடு சட்டென்று பொருத்துகிற வேலையை மூளை செய்கிறது. சிலருடைய மூளைக்கு இந்த வேலை கடினமாக இருக்கிறது. பிறவியிலேயே வருவது, பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. ஆய்வுகள் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை என்று சொல்கின்றன. 200 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி என்றால் 10 முதல் 20 பிள்ளைகள். இதை மருந்து கொடுத்துக் குணமாக்க முடியாது. ஆனால் முறையாகச் சொல்லிக் கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் வாசிப்பார்கள், எழுதுவார்கள், பட்டம் வாங்குவார்கள்.

தமிழில் இது எப்படித் தெரியும்? தமிழ் எழுத்து, ஆங்கிலத்தைப் போல் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்று பெரிதாகக் குழப்பாது. ஆனால் அதற்கென்று சில பாரங்கள் உண்டு. மொத்தம் 247 எழுத்துகள். "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. "கொ" என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறிகள். காலை விட்டுவிட்டால் "கொடு" என்பது "கெடு" ஆகிவிடும். ண, ன, ந மூன்று. ல, ள, ழ மூன்று. வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, பாடப்புத்தகத் தமிழ் இன்னொன்று. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கும். புள்ளியையும் காலையும் கொம்பையும் விட்டுவிடும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி தவறும். நேற்று வாசித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கும். ஆனால் வாயால் கேட்டால் பதில் சொல்லும். கதையைக் கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்லும். மீன் ஏலத்தில் நின்றால் கணக்கு பிசகாது.

எழுத்தின் பாரம் பிள்ளையின் முதுகில் ஏறக்கூடாது என்று முன்பே யோசித்தவர் பெரியார். 1935லேயே 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளுக்கு இருந்த தனி வடிவங்களை விட்டுவிட்டு, மற்ற எழுத்துகளைப் போலவே எழுதலாம் என்றார். 1978இல், அவருடைய நூற்றாண்டையொட்டி, தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. இன்று நாம் எழுதும் எழுத்து அதுதான். எழுத்து புனிதம், அதற்கு ஏற்றபடி பிள்ளை வளைய வேண்டும் என்பது பழைய பார்வை. பிள்ளைக்குக் கஷ்டமென்றால் எழுத்தையே மாற்றலாம் என்பது பெரியாரின் பார்வை. டிஸ்லெக்சியாவைப் பற்றிப் பேசும்போது நமக்கு வேண்டியது அந்தப் பார்வைதான்.

இனி, இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் யார் என்ற வரலாற்றுக்கு வருவோம். டிஸ்லெக்சியா என்ற சொல்லை 1887இல் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் உருவாக்கினார். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். நல்ல அறிவுள்ள பையன், விளையாட்டில் கெட்டிக்காரன், வாசிப்பு மட்டும் வரவில்லை. பாடத்தை வாய்வழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதலாவதாக வருவான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மார்கன் பதிவு செய்கிறார். மருத்துவரிடம் கொண்டுபோக ஆள் இருந்த பிள்ளை, "இவனுக்கு அறிவு இருக்கிறது" என்று சாட்சி சொல்ல ஆசிரியர் இருந்த பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளைகளிடமிருந்துதான் இந்தப் பெயர் தொடங்குகிறது.

1968இல் உலக நரம்பியல் கூட்டமைப்பு டிஸ்லெக்சியாவுக்கு ஒரு வரையறை கொடுத்தது. வழக்கமான கற்பித்தல் இருந்தும், போதிய அறிவுத்திறன் இருந்தும், சமூக-பண்பாட்டு வாய்ப்பு இருந்தும் வாசிக்கக் கற்பதில் தடுமாறுவதே டிஸ்லெக்சியா என்பது அதன் சாரம். மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள் தோழர்களே. "சமூக வாய்ப்பு இருந்தும்." வாய்ப்பே இல்லாத வீட்டில் பிறந்த பிள்ளை தடுமாறினால் அதற்கு இந்தப் பெயர் கிடையாது. ஏழை என்பதால், சேரி என்பதால், குப்பம் என்பதால் படிப்பு வரவில்லை என்று கோப்பை மூடிவிடலாம். அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தில், சுற்றுச்சூழல், பண்பாடு, பொருளாதாரப் பின்தங்கல் ஆகியவற்றால் ஏற்படும் கற்றல் சிக்கலைக் கற்றல் குறைபாட்டில் சேர்க்கக்கூடாது என்ற வாசகம் இன்றும் இருக்கிறது.

இது எங்கே கொண்டுபோய் விட்டது? அமெரிக்காவில் வாசிக்கத் தடுமாறிய வெள்ளையின நடுத்தரவர்க்கப் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று பெயர். கறுப்பினப் பிள்ளைகளோ பெருமளவில் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புக்குத் தள்ளப்பட்டார்கள். அறிவுத்திறன் சோதனை என்ற பெயரில் இது நடந்தது. சான்பிரான்சிஸ்கோவின் கறுப்பினப் பெற்றோர் 1971இல் வழக்குப் போட்டார்கள். 1979இல் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம், அந்தச் சோதனைகளை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை அப்படி ஒதுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. லாரி பி. வழக்கு என்று இதைச் சொல்வார்கள். அதே 1971இல் லண்டனில், பெர்னார்ட் கோர்ட் என்ற கரீபிய ஆசிரியர் ஒரு சிறு நூல் எழுதினார். மேற்கிந்தியப் பிள்ளைகளை "கல்வியில் இயல்புக்குக் கீழானவர்கள்" என்று முத்திரை குத்தித் தனிப் பள்ளிகளுக்குத் தள்ளியதை அதில் அம்பலப்படுத்தினார். அங்கே இனம் செய்த வேலையை இங்கே சாதி செய்கிறது. ஒரு வித்தியாசம், இங்கே முத்திரை குத்தக்கூட அரசு மெனக்கெடவில்லை. "ஏறாது" என்ற ஒரு சொல்லே போதுமாக இருக்கிறது.

சரி, நம் சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமே இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதில் டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. "சமூக வாய்ப்பு இருந்தும்" என்ற அந்தப் பழைய நிபந்தனை நம் சட்ட வரையறையில் இல்லை. இது முக்கியம். சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் கற்றல் குறைபாட்டை மிக இளவயதிலேயே கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு, பள்ளிப் பிள்ளைகளை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுக்கச் சொல்கிறது, தேர்வில் கூடுதல் நேரமும் எழுதுபவர் உதவியும் மொழி விலக்கும் கொடுக்கச் சொல்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி, அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இட ஒதுக்கீடு, அரசு வேலையில் ஒதுக்கீடு எல்லாம் இந்தச் சட்டத்தில் உண்டு.

உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விரித்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கு. எழுதுவதில் சிரமம் உள்ள அந்தத் தேர்வர், எழுதுபவர் உதவி கேட்டார். 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் உதவி என்று சொல்லக்கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு. எழுத்துக் குறைபாடு உள்ள மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம்.

சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. தோணிரேவிலிருந்து ஒரு பிள்ளை இதைத் தொட்டுவிட எத்தனை படி ஏற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் வகுப்பாசிரியர் கவனிக்க வேண்டும். அவர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறவராக இருந்தால்? அடுத்து, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வர வேண்டும். அவர் பல பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவர், தொகுப்பூதியத்தில் இருப்பவர். அதன் பிறகு அரசு மருத்துவமனை. 2018இல் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறை சொன்னது இது: மூன்றாம் வகுப்பில் அல்லது 8 வயதில் ஆசிரியர் முதல் கட்டமாகக் கண்டறிய வேண்டும். குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும், அறிவுத்திறன் சோதனை நடக்க வேண்டும், பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பை உளவியலாளர் நடத்த வேண்டும். சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகுதான். பிறகு 14இல் ஒருமுறை, 18இல் ஒருமுறை திரும்ப வாங்க வேண்டும்.

சோதனை எந்த மொழியில் என்பதும் ஒரு கேள்வி. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென்று 'டாலி' என்ற டிஸ்லெக்சியா மதிப்பீட்டுக் கருவியை 2015இல் வெளியிட்டது. நல்ல முயற்சி. முதலில் வந்த மொழிகள் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். தமிழ் அந்த முதல் வரிசையில் இல்லை.

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது, பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் ஒரு மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் அனைத்துக்கும் ஒரு தொண்டு நிறுவனம் பொறுப்பாக முடியாது. அது அரசின் வேலை.

இங்கிருந்து பொன்னேரிக்குப் பேருந்து, அங்கிருந்து மாவட்டத் தலைநகர் திருவள்ளூருக்கு இன்னொரு பேருந்து. ஒருமுறை போனால் முடியாது, மூன்று நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அம்மாவின் ஒருநாள் கூலி போகும். நண்டும் இறாலும் விற்கப் போகிறவருக்கு விடுப்பு என்று எதுவும் கிடையாது. இன்னொன்றையும் யோசியுங்கள். டிஸ்லெக்சியா குடும்ப வழியில் வருவது என்று சொன்னேன். அப்படியென்றால் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டிய அப்பாவோ அம்மாவோ, முப்பது வருடத்துக்கு முன் இதே கரையில் "படிப்பு ஏறாது" என்று அனுப்பப்பட்டவராக இருக்கலாம். அவரிடம் நான்கு பக்கப் படிவத்தைக் கொடுத்து நிரப்பி வரச் சொல்கிறோம். படித்த குடும்பத்துக்கு மட்டுமே திறக்கிற மாதிரிக் கதவை வைத்துவிட்டு, கதவு எல்லோருக்கும் பொது என்று சொல்வது பார்ப்பனியத்தின் பழைய வித்தை.

2007இல் 'தாரே ஜமீன் பர்' படம் வந்தது. டிஸ்லெக்சியா என்ற சொல்லை இந்தியா முழுக்கக் கொண்டுபோனது அந்தப் படம்தான். அந்தச் சிறுவனைக் கண்டுகொள்ள ஓர் ஓவிய ஆசிரியர் இருந்தார். அவனை விடுதிப் பள்ளிக்கு அனுப்ப அப்பாவிடம் பணம் இருந்தது. படத்தைப் பார்த்து நாம் எல்லோரும் அழுதோம். நம் வகுப்பில் கடைசி வரிசையில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து மட்டும் யாரும் அழவில்லை. அவன் எட்டாவதோடு நின்றபோது அது இயல்பாகத் தெரிந்தது. ஏன் இயல்பாகத் தெரிந்தது என்பதுதான் சாதியின் கேள்வி.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் உங்களுக்குத் தெரியும். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியார் எதிர்த்தார், தமிழ்நாடே எழுந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அரசாணை போய்விட்டது. ஆனால் வாசிக்கத் தடுமாறும் மீனவப் பிள்ளையை "கையில தொழில் இருக்கே, படிப்பு எதுக்கு" என்று ஏரிக்கு அனுப்பும்போது, அரசாணை இல்லாமலே குலக்கல்வி நடக்கிறது. பாராட்டுப் போலச் சொல்லப்படுவதால் இது இன்னும் ஆபத்தானது. "இவனுக்குக் கைத்திறமை ஜாஸ்தி" என்று ஒரு தச்சர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்தும், ஒரு தலித் பிள்ளையைப் பார்த்தும் சொல்வார்கள். ஒரு மருத்துவரின் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லையென்றால், "நல்லா வலை வீசுவான்" என்று யாரும் ஆறுதல் சொல்வதில்லை.

சரி, ஏரிக்கு அனுப்பினால் அங்கே மட்டும் இடம் காத்திருக்கிறதா? பாடு முறையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த இடத்தில் யார் சுத்து வலை போடலாம் என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. மீனைப் பாதுகாக்கும் நல்ல மரபு என்று ஆய்வாளர்கள் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் வருவதற்கே பட்டினவர் குப்பத்தில் பிறந்திருக்க வேண்டும். தலித் மக்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும் அந்தச் சீட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். பள்ளியிலிருந்து "ஏறாது" என்று வெளியேறும் பட்டினவர் பிள்ளைக்குச் சுருங்கிக்கொண்டே போகும் ஏரியில் ஒரு பங்கு இருக்கிறது. தலித் பிள்ளைக்கும் இருளர் பிள்ளைக்கும் அந்தப் பங்குகூட இல்லை. பள்ளியும் வெளியே தள்ளுகிறது, ஏரியும் வெளியே நிறுத்துகிறது. அப்படியென்றால் பள்ளியை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு எதுவும் இல்லை. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். ஏரியைக் காப்பாற்றும் போராட்டத்தில் நிற்கிறவர்கள், மனுவையும் அரசிதழையும் சுற்றுச்சூழல் அறிக்கையையும் வாசிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையையும் காப்பாற்ற வேண்டும்.

இளைஞர்களாகிய நீங்கள் அடிக்கடி சந்திக்கும் ஒரு வாதத்துக்கு வருகிறேன். "தகுதி, திறமை." இட ஒதுக்கீடு தகுதியைக் கெடுக்கிறது என்பார்கள். அதே ஆட்களின் வீட்டுப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்றால் கூடுதல் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குகிறார்கள். வாங்கட்டும், அது அந்தப் பிள்ளையின் உரிமை. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்கும்போது அவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே மூன்று மணி நேரம் என்பது சமத்துவம் ஆகாது என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஒருவர் சுமக்கும் பாரத்தைக் கணக்கில் எடுத்த பிறகுதான் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். இட ஒதுக்கீட்டின் அடிப்படையும் அதுதான். மூளையின் பாரத்துக்கு ஒரு மணி நேரம் நியாயம் என்றால், இரண்டாயிரம் ஆண்டுப் பாரத்துக்கு இட ஒதுக்கீடும் நியாயம். அடுத்த முறை யாராவது தகுதி பேசினால் இதைக் கேளுங்கள்.

நம் பக்கத்திலிருந்தே வரும் இரண்டு ஐயங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். முதலாவது, "ஏற்கெனவே எங்கள் பிள்ளைகளுக்கு ஆயிரம் முத்திரை, இன்னொரு முத்திரை வேண்டுமா?" இந்தப் பயம் சரியானது. பெயர் வைத்ததும் தனி அறையில் உட்கார வைக்கவும், தேர்ச்சி விகிதத்துக்காக ஓரங்கட்டவும் பள்ளிகள் தயங்காது. அமெரிக்காவும் லண்டனும் காட்டிய பாடம் அதுதான். அதனால் நாம் கேட்பது அதே வகுப்பில் அதே பிள்ளைகளோடு உட்கார்ந்தபடி கிடைக்கும் உதவி. ஒன்றையும் மறந்துவிடாதீர்கள், பெயரே இல்லாத பிள்ளைக்கு "மக்கு" என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது ஐயம், "ஆசிரியர் இல்லை, வகுப்பறை இல்லை, அதனால் வாசிப்பு வரவில்லை. அதை மறைக்க டிஸ்லெக்சியா என்று சொல்லிவிட்டால்?" இதுவும் சரி. வாசிக்கத் தெரியாத எல்லாப் பிள்ளைக்கும் டிஸ்லெக்சியா கிடையாது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால் வாசிக்காத பிள்ளைகள்தான் அதிகம். ஆனால் வகுப்பறையில் இரண்டு பேருக்கும் வேண்டிய முதல் உதவி ஒன்றுதான். ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, வெளிப்படையாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பது. அப்படிச் சொல்லிக் கொடுத்தால் முதல் வகையினர் மேலே வந்துவிடுவார்கள். அதன் பிறகும் தடுமாறுகிறவர்களுக்குத்தான் பரிசோதனையும் கூடுதல் உதவியும் வேண்டும். ஆகவே கற்பித்தலுக்குச் சான்றிதழை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

1927 மார்ச்சில் பம்பாய் சட்ட மன்றத்தில் கல்வி நிதி பற்றி அண்ணல் அம்பேத்கர் பேசினார். பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள், மற்றவர்கள் மீண்டும் எழுத்தறியாமைக்கே திரும்புகிறார்கள் என்று கணக்குக் காட்டினார். சேர்க்கையைக் காட்டிப் பெருமைப்பட்ட அரசிடம், நிலைத்து வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். இன்று தமிழ்நாட்டில் சேர்க்கை கிட்டத்தட்ட முழுமை. கேட்க வேண்டிய கேள்வி மட்டும் மாறவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, புத்தகத்தைத் திறந்தால் வாசிக்க முடிகிறதா?

தமிழ்நாட்டால் முடியாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் பசி பெற்றோர் பிரச்சினை என்று இருந்த காலத்தில், 1920இல் நீதிக்கட்சி நிர்வாகம் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டது. காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 2022இல் காலை உணவும் வந்தது. பசியைப் பள்ளியின் பொறுப்பாக ஏற்ற மாநிலம், வாசிப்புத் தடுமாற்றத்தையும் பள்ளியின் பொறுப்பாக ஏற்க முடியும்.

அதற்கான தொடக்கம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதலமைச்சர் 2022 ஜூன் 13 அன்று தொடங்கி வைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்தான். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். ஒரு பிள்ளை ஒரு பருவம் அரும்பில் இருக்கலாம், இரண்டு பருவம் இருக்கலாம். மற்ற பிள்ளைகள் மொட்டுக்கும் மலருக்கும் போன பிறகும் அரும்பிலேயே நிற்கும் பிள்ளையைப் பற்றி அந்தப் பதிவேடு நமக்கு ஏதோ சொல்கிறது. அந்தத் தகவல் ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது. அதை வைத்து அடுத்த அடி எடுக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று, தொடர்ந்து அரும்பு நிலையிலேயே நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பெற்றோர் கேட்காமலே, தமிழில் தரப்படுத்தப்பட்ட முதல்கட்டப் பரிசோதனை பள்ளியிலேயே நடக்க வேண்டும்.

இரண்டு, சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழு மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருக்காமல், மீஞ்சூர், பொன்னேரி போன்ற வட்டாரங்களுக்கு ஆண்டில் பலமுறை வர வேண்டும். வரும் பெற்றோருக்குப் போக்குவரத்துச் செலவும் இழந்த கூலியும் தர வேண்டும்.

மூன்று, சிறப்புப் பயிற்றுநர்கள் நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2025இல் பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இதில் ஒன்றிய அரசின் துரோகத்தையும் சொல்ல வேண்டும். பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தியது. சிறப்புப் பயிற்றுநர்களின் ஊதியம் வருவது அந்தத் திட்டத்திலிருந்துதான். தேசியக் கல்விக் கொள்கைக்குத் தலையாட்டாததற்குத் தண்டனை, வாசிக்கத் தடுமாறும் ஏழைப் பிள்ளைக்கு.

நான்கு, 5ஆம் வகுப்பிலும் 8ஆம் வகுப்பிலும் பிள்ளையைத் தோல்வியாக்கும் முறை எந்த வடிவிலும் வரக்கூடாது. 2020 பிப்ரவரியில் 5, 8 வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழ்நாடு கைவிட்டது மக்கள் எதிர்ப்பால்தான். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் கட்டாயத் தேர்ச்சியை ரத்து செய்தது. 10 வயதில் வைக்கும் வடிகட்டியில் முதலில் சிக்குவது யார் என்று நமக்குத் தெரியும்.

ஐந்து, கணக்கை வெளியிட வேண்டும். 10, 12ஆம் வகுப்புத் தேர்வுகளில் கற்றல் குறைபாட்டுக்காகக் கூடுதல் நேரமும் மொழி விலக்கும் பெறுகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களில் அரசுப் பள்ளி எத்தனை, தனியார் பள்ளி எத்தனை? பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீனவர் எத்தனை? ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக இதை வெளியிட்டால் யாருக்கு எந்தப் பெயர் கிடைக்கிறது என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் அரசு செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். அந்தக் குழுவில் தீர்மானம் போட்டு வட்டார வள மையத்துக்கு அனுப்புங்கள், சிறப்புப் பயிற்றுநர் எந்த நாளில் வருவார் என்று எழுத்தில் கேளுங்கள். கிராம சபையில் வையுங்கள். ஐந்தாவது கோரிக்கையின் எண்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்தாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளை இருந்தால், தேர்வுச் சலுகைக்குத் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், கூடப் போய் நில்லுங்கள்.

மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தடுமாறும் பிள்ளையை எல்லோர் முன்னாலும் எழுந்து வாசிக்கச் சொல்லாதீர்கள். பத்து தடவை எழுது என்று தண்டனை கொடுக்காதீர்கள். முதலில் ஒலியைக் கேட்கப் பழக்குங்கள். "மடவை" என்ற மீனின் பெயரில் எத்தனை துண்டு என்று கை தட்டி எண்ணச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்தைக் காட்டுங்கள். வாயால் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுத வையுங்கள். கண், காது, கை மூன்றும் சேர்ந்து கற்கும் இந்த வழியை 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டனும் கில்லிங்ஹாமும் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்காக உருவாக்கினார்கள். மணலில் எழுதிப் பழகுவது நம் திண்ணைப் பள்ளியிலும் இருந்தது. அந்தத் திண்ணையில்தான் நம் பாட்டன்மாரை ஏறவிடவில்லை. இந்தக் கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை, யாரும் நம்மைத் தடுக்கவும் முடியாது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஒரு பிள்ளைக்கு ஓர் அண்ணனோ அக்காவோ. பாடத்தை வாய்விட்டு வாசித்து அவர்களைக் கேட்க வையுங்கள், பதிலை வாயால் சொல்ல விடுங்கள். வாசிப்பு மெதுவாக வரட்டும், அறிவு அதுவரை பட்டினி கிடக்கக்கூடாது.

தோழர்களே, இந்தப் பள்ளி ஆண்டில் நாம் ஒரு கணக்கு எடுப்போம். நம் குப்பங்களில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகப் போய்க் கேட்போம். அந்தப் பட்டியலோடு மீஞ்சூர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என்ன செய்தீர்கள் என்று கேட்போம். "படிப்பு ஏறாது" என்று எழுதித் திருப்பி அனுப்ப எந்த அலுவலருக்கும் சட்டத்தில் இடமில்லை. அந்தச் சொல்லை நம் வீட்டிலும் நம் தெருவிலும் இனி யாரும் சொல்லாதபடி பார்த்துக்கொள்வது நம் வேலை.